மூட்டை மாற்றலாம், மருந்தை நிறுத்தலாமா?

ஒரு நாளில் எத்தனை முறை முழங்காலை மடக்குகிறோம்? எண்ணிப் பாருங்கள். பாயை விட்டு எழ வேண்டும். கழிப்பறையில் உட்கார வேண்டும். முற்றம் பெருக்க வேண்டும். பஸ் படி ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் முழங்கால் வேண்டும்.

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நகரத்து மக்கள் அங்கே வருகிறார்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். எல்லை தாண்டி, கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மக்களும் வருகிறார்கள். ஓ.பி. சீட்டு எடுக்க வரிசையில் நிற்பவர்களில் முழங்கால் வலிக்காரர்கள் பலர்.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முட்டி வலிக்கிறது." வலி ஒன்றுபோல் தோன்றும். நோய் ஒன்றல்ல.

இரண்டு வகை மூட்டு நோய்

முதல் வகை, தேய்மானம். நம் எலும்புகளின் முனையில் வழுவழுப்பான ஒரு பகுதி உண்டு. அதற்குக் குருத்தெலும்பு என்று பெயர். எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது அதுதான். வயது ஏற ஏற அது தேய்கிறது. உடல் எடை கூடினால் விரைவாகத் தேய்கிறது. நடந்தால் வலி கூடும். ஓய்வெடுத்தால் குறையும்.

இரண்டாம் வகை, முடக்குவாதம். சில ஊர்களில் சரவாங்கி என்பார்கள். கேரளத்தில் ஆமவாதம் என்பார்கள். டாக்டர்கள் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவார்கள்.

இது தேய்மானம் அல்ல. நம் உடலில் காவல் படை ஒன்று இருக்கிறது. அதற்கு நோய் எதிர்ப்பு சக்தி என்று பெயர். கிருமி வந்தால் அது சண்டை போடும். முடக்குவாதத்தில் அந்தக் காவல் படை ஆள் தெரியாமல் அடிக்கிறது. நம் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டின் உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது வீங்கித் தடிக்கிறது. பிறகு குருத்தெலும்பை அரிக்கிறது. எலும்பையும் அரிக்கிறது.

2019-ஆம் ஆண்டு உலகில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் 10 பேருக்கு 7 பேர் பெண்கள். இது முதியவர்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. 30, 40 வயதிலும் வரும்.

அடையாளம் என்ன?

* காலையில் எழுந்ததும் மூட்டுகள் இறுகிப்போய் இருக்கும். அது இளக ஒரு மணி நேரம்கூட ஆகும்.
* பெரும்பாலும் கை விரல்கள், மணிக்கட்டு, கால் விரல்கள் போன்ற சிறு மூட்டுகளில் தொடங்கும்.
* இடது, வலது இரண்டு பக்கமும் வலிக்கும்.
* மூட்டு வீங்கும். தொட்டால் சூடாக இருக்கும்.
* உடல் அசதியாக இருக்கும்.

இவை ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போங்கள். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே மருந்து ஆரம்பித்தால், மூட்டு கெடாமல் பெருமளவு காக்கலாம்.

வாரம் ஒரு நாள் மாத்திரை

முடக்குவாதத்துக்கு முதலில் தரும் முக்கியமான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். காவல் படையின் தவறான சண்டையை இது அடக்குகிறது. இதன் பின்னால் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் 1940-களில் அவர் நடத்திய ஆராய்ச்சிக் குழு ஃபோலிக் அமிலத்தைச் செய்தது. மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும் அந்தக் குழுவின் வேலையிலிருந்து வந்தது. இன்று முடக்குவாத நோயாளிக்கு டாக்டர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் அமிலத்தை எந்த நாளில் சாப்பிடுவது என்று டாக்டர் தனியாகச் சொல்வார். இரண்டும் சின்ன மாத்திரைகள். மாறிப்போக வாய்ப்பு உண்டு. ஆகவே அட்டையில் உள்ள பெயரை ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிடுங்கள்.

இந்த மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டர் சொல்லும்போது இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கல்லீரலும் இரத்தமும் நன்றாக உள்ளனவா என்று அதில் தெரியும். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவில் உள்ள குழந்தைக்கு இந்த மருந்து கேடு செய்யும்.

எண்ணெய் தேய்த்தால் வலிக்குச் சற்று ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் உள்ளே நடக்கும் சண்டை அதனால் நிற்காது. ஆயுர்வேத வைத்தியம் செய்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பெயர் எழுதாத பொடியையும் மாத்திரையையும் வாங்கவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி உடனே குறையும். பின்னால் எலும்பு பலம் இழக்கும், சர்க்கரை கூடும்.

முட்டியை எப்போது மாற்றுவார்கள்?

சிலருக்கு மருந்து தாமதமாகக் கிடைக்கிறது. சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மருந்து போதுமான பலன் தருவதில்லை. அப்போது முழங்கால் மூட்டு முழுவதும் அரிக்கப்பட்டுவிடும். இரவில் வலியால் தூக்கம் வராது. வீட்டு வாசல் வரை நடக்க முடியாது. கால் வளைந்துபோகும். எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் ஒட்டி நிற்பது தெரியும்.

அந்த நிலையில் டாக்டர் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்வார். இது அவசர அறுவை அல்ல. எந்த மூட்டை முதலில் மாற்றுவது, இரண்டு முட்டியையும் ஒரே சமயத்தில் மாற்றுவதா என்பதையெல்லாம் கேளுங்கள். வீட்டில் கலந்து பேசுங்கள். பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

புதிய மூட்டு எதனால் ஆனது?

"முட்டியை மாற்றுவது" என்றால் காலையே வெட்டி எடுப்பார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தொடை எலும்பின் கீழ் முனையிலும், கால் எலும்பின் மேல் முனையிலும் கெட்டுப்போன பகுதியை மட்டும் சீவி எடுப்பார்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தொடை எலும்பின் முனையில் உலோகத்தால் ஆன உறை ஒன்றைப் பொருத்துவார்கள். கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு. சிலருக்கு முட்டிச் சில்லின் பின்புறமும் பிளாஸ்டிக் வைப்பார்கள். எலும்போடு ஒட்ட, அதற்கென்று உள்ள சிமென்ட் போடுவார்கள். அது வீடு கட்டும் சிமென்ட் அல்ல.

தொடை எலும்பில் வைக்கும் உலோகம் பெரும்பாலும் கோபால்ட், குரோமியம் கலந்தது. பிளாஸ்டிக்குக்குப் பாலிஎத்திலீன் என்று பெயர். சாதாரணப் பை செய்யும் பாலிஎத்திலீன் அல்ல; அதைவிடப் பல மடங்கு உறுதியானது.

உலோகமும் பிளாஸ்டிக்கும் உடலுக்குள் நிற்குமா? திருவனந்தபுரம் மக்களுக்கு இந்தச் சந்தேகம் வேண்டாம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதயத்துக்குச் செயற்கை வால்வு செய்தது. டாக்டர் வலியத்தான் தலைமையில் அந்த வேலை நடந்தது. 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார்கள். அந்த வால்வின் கூடு கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். உள்ளே அசையும் வட்டு இதே வகைப் பாலிஎத்திலீன். முட்டியில் இருப்பதும் இதே இனப் பொருள்கள்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்ரீ சித்திரா இதயத்துக்கும் மூளை நரம்புக்கும் பேர்போன மருத்துவமனை. முட்டிக்கு எலும்பு மருத்துவப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்து முழங்கால் மாற்றும் முறை 1968-இல் இங்கிலாந்தில் வந்தது. இன்றைய வடிவம் 1974-இல் அமெரிக்காவில் வந்தது. தொடக்க காலத்தில் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களில் முடக்குவாத நோயாளிகள் பலர். இந்தியாவில் பலர் இதைக் கேள்விப்பட்டது 2000-ஆம் ஆண்டில். அந்த அக்டோபரில் பிரதமர் வாஜ்பாயிக்கு மும்பையில் இடது முழங்காலை மாற்றினார்கள். மறு ஆண்டு வலது முழங்காலை மாற்றினார்கள். அறுவை செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். 1974-ஆம் ஆண்டு வடிவத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். வாஜ்பாய் அதன் பிறகு 2004 வரை பிரதமராக வேலை செய்தார்.

செயற்கை மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும்? பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. 100 முழங்கால்களில் சுமார் 82 முழங்கால்கள் 25 ஆண்டுகள் உழைக்கும் என்று அது சொன்னது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

முடக்குவாத நோயாளிக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம்.

1. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. சில ஊசி மருந்துகளைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டர் சொல்படியே நடக்க வேண்டும்.

2. கழுத்து வலி இருந்தால் சொல்லுங்கள். கையில் மரத்துப்போன உணர்வு இருந்தாலும் சொல்லுங்கள். முடக்குவாதம் கழுத்து எலும்பையும் தளர்த்தும். மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தை அசைப்பார்கள். ஆகவே முன்பே கழுத்து எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

3. சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, காலில் புண், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்துங்கள். அங்குள்ள கிருமி இரத்தம் வழியாகப் புதிய மூட்டுக்குப் போகலாம்.

4. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும்.

5. அறுவைக்குப் பிறகு சில வாரம் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும். கை விரல்கள் கோணிப் போனவர்களால் அதை இறுகப் பிடிக்க முடியாது. முழங்கையை ஊன்றி நடக்கும் வாக்கர் உண்டு. அதை முன்பே கேளுங்கள்.

6. வீட்டில் உயரமான நாற்காலியும் கட்டிலும் வேண்டும். உட்காரும் கழிப்பறை வேண்டும். அது இல்லாவிட்டால், நடுவில் ஓட்டை உள்ள கழிப்பறை நாற்காலி வாங்கலாம்.

அறுவையும் அதற்குப் பிறகும்

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அறுவை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நடக்கும். அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க வைப்பார்கள். வலி இருக்கும். வலிக்கு மருந்து தருவார்கள். பயந்து படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறைந்துவிடும். மூட்டும் இறுகிவிடும். பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி அசைக்க வேண்டும். முழங்காலை நீட்டவும் மடக்கவும் பயிற்சி சொல்லித் தருவார்கள். வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும். பயிற்சியைப் பாதியில் விட்டால் அறுவையின் பலனும் பாதிதான்.

தையலைச் சுமார் இரண்டு வாரத்தில் பிரிப்பார்கள். முழங்காலில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குந்தி உட்காருவதையும் தவிர்க்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

* புண்ணிலிருந்து நீரோ சீழோ வருவது
* முழங்கால் சிவந்து சூடாவது, காய்ச்சல் வருவது
* கெண்டைக்கால் வீங்கி வலிப்பது
* திடீரென்று மூச்சுத் திணறுவது, நெஞ்சு வலிப்பது

ஓர் உரையாடல்

ஓர் அம்மாவுக்கு முழங்கால் மாற்றி மூன்று மாதம் ஆகிறது. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வருகிறார்.

ஆஷா: அம்மா, நடக்கிறது எப்படி இருக்கு?

அம்மா: நல்லா இருக்கு மக்களே. கம்பு இல்லாமலே கடை வரைக்கும் போனேன்.

ஆஷா: மாத்திரை சாப்பிடுறீங்களா?

அம்மா: முட்டிதான் மாத்தியாச்சே! இனி எதுக்கு மாத்திரை? அஞ்சு வருசமா தின்னு தின்னு வெறுத்துப்போச்சு. ஒரு மாசமா நிறுத்திட்டேன்.

ஆஷா: உங்க கையைக் காட்டுங்க. விரல் ஏன் இப்படி வீங்கியிருக்கு?

அம்மா: ரெண்டு வாரமா காலையில கை மடங்க மாட்டேங்குது. அந்தக் கால் முட்டியும் வலிக்குது.

ஆஷா: டாக்டர் மாத்தினது ஒரு முட்டியை, அம்மா. நோயை மாத்தல. நோய் உங்க இரத்தத்துல இருக்கு. மருந்தை விட்டதும் கைக்கு வந்துட்டு. இப்படியே விட்டா அந்த முட்டியும் போகும்.

அம்மா: அப்போ இன்னைக்கே எடுத்துத் தின்னட்டுமா?

ஆஷா: நீங்களாத் தொடங்க வேண்டாம். ஒரு மாசம் விட்டாச்சு. நாளைக்கு டாக்டரைப் பார்ப்போம். இரத்தம் பார்த்துட்டு அவர் சொல்லுவார். அட்டையைக் கொண்டு வாங்க, என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாசிங்க.

அம்மா எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்: "வாரம்... ஒரு முறை..."

செலவு எவ்வளவு?

முன்பெல்லாம் செயற்கை மூட்டுக்கு மருத்துவமனைகள் அதிக விலை வாங்கின. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலையை அறிவித்தது. கோபால்ட், குரோமியம் கலந்த சாதாரண முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய். வரி தனி. அதற்கு முன் அதன் சராசரி விலை 1 லட்சத்து 58 ஆயிரம் ரூபாய்க்கும் மேல் இருந்தது. இது மூட்டுக் கருவியின் விலை மட்டுமே. அறுவை, அறை, மருந்துச் செலவு தனி.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவ உதவி தருகிறது. கேரளத்தில் அது காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்கள் அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும், முழங்கால் அறுவைக்குச் செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

பில்லை வாங்கிப் படியுங்கள். மூட்டுக் கருவியின் விலை, கம்பெனிப் பெயர், பேட்ச் எண் ஆகியவை அதில் தனியாக இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து மூட்டில் கோளாறு வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

நினைவில் வையுங்கள்

* முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை தேவைப்படாமலே போகலாம்.
* அறுவை வலியைக் குறைக்கும், நடக்க வைக்கும். நோயைப் போக்காது.
* அறுவைக்குப் பிறகும் மருந்து தொடர வேண்டும்.
* மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும்.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:

1. தேய்மானத்துக்கும் முடக்குவாதத்துக்கும் என்ன வேறுபாடு?
2. அறுவைக்கு முன் கழுத்து வலியைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்?
3. உரையாடலில் வரும் அம்மாவின் கை ஏன் வீங்கியது?
4. உங்கள் தெருவில் காலையில் கை இறுகிப்போகும் யாராவது இருக்கிறார்களா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?

நோட்டில் எழுதுங்கள். வீட்டில் மருந்து சாப்பிடுபவர் யாரோ அவருக்காக எழுதுங்கள்:

மருந்தின் பெயர் ............
சாப்பிட வேண்டிய கிழமை அல்லது வேளை ............
அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி ............

எழுதிய தாளை மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டி வையுங்கள்.